ஒண்டியாக ஒரு ஆடு

திருத்தணி மலையின் பின்சரிவில் மாலை வெயில் புதர்களின் மேல் சாய்ந்து கிடக்கிறது. சிறுத்தைக்காக வைத்த கூண்டின் கம்பியில் தாயம்மாளின் வெள்ளாடு கட்டப்பட்டிருக்கிறது. மகன் பர்மா சண்டைக்குப் போன பிறகு அவள் வீட்டில் அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். "கூண்டுல புடிச்சு நகரி மலையில வுட்டுடலாம்" என்கிறார் ரேஞ்சர் ஜெகநாதன். "திரும்பி இங்கயேதான் வந்து நிக்கும். சுட்டாத்தான் ஊருக்கு நிம்மதி" என்று துப்பாக்கியைத் துடைக்கிறார் வேட்டைக்காரர் ஆதிகேசவன். மத்தியானத்திலிருந்து இதே வாக்குவாதம். யார் ஜெயித்தாலும் ஆடு வேண்டும். அதுவோ தாயம்மாளின் முந்தானை நுனியை மென்றபடி சத்தமே இல்லாமல் நிற்கிறது. மேலே கோயில் மணி அடித்து ஓய்கிறது. "கத்த மாட்டேங்குதே" என்கிறார் ரேஞ்சர். "அந்தம்மா பக்கத்துல நின்னுகினு இருந்தா எப்படிக் கத்தும்? கத்தினாத்தானே சிறுத்தை வரும்" என்கிறார் வேட்டைக்காரர். ரேஞ்சர் தாயம்மாள் பக்கம் திரும்புகிறார். "நீ வூட்டுக்குப் போம்மா. திரும்பிப் பாக்காம போ." தாயம்மாள் ஆட்டின் காதைத் தடவுகிறாள். "அது ஒண்டியா இருந்ததே இல்லீங்க." "ஆங், அதான் வேணும்" என்கிறார் அவர். ஆட்டின் வாயிலிருந்து முந்தானையை மெல்ல உருவிக்கொண்டு அவள் செம்மண் பாதையில் இறங்குகிறாள். ஈரமான நுனி காலில் ஒட்டி ஒட்டி விலகுகிறது. கள்ளிவேலி தாண்டி அவள் தலை மறைந்ததும் ஆடு கத்தத் தொடங்குகிறது. நிபுணர்கள் இருவரும் இன்று முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்கிறார்கள்.