தழும்பில்லாத சாட்சி

லாரி டிரைவர் வாரம் ஒரு நாள் மனைவியை அடிப்பான். மறுநாள் காலை அவனே அவளை பைக்கில் ஏற்றிவந்து போதகர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவான். போதகர் அவள் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஆமென் சொல்லி முடிக்கும்போது காயம் இருக்காது. முதலில் உடைந்த விரல். அப்புறம் கிழிந்த காது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சபையில் எழுந்து சாட்சி சொல்வான். "மாடிப்படியில உருண்டுட்டா. ஐயா தொட்டாரு, தழும்புகூட இல்ல!" நாலு மாதத்தில் ஒன்பது குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்தன. அவன் வீட்டுக்கு மாடியே கிடையாது. அது போதகருக்கும் தெரியும்.

இந்தப் புதன்கிழமை அவள் நெற்றி பிளந்து எலும்பு தெரிந்தது.

"இன்னைக்கு ஜெபம் வேணாம் ஐயா," என்றாள். "இப்படியே போலீசுக்குப் போறேன். போன தடவ, 'அடிபட்ட இடம் எங்கம்மா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. அவரு வாசல்ல நிக்கிறாரு, பின்வாசல் வழியா விட்டுடுங்க."

"சரிம்மா."

போதகர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உதட்டை அசைக்கவில்லை. மனதுக்குள்கூட ஆண்டவரைக் கூப்பிடவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளவின் ஓரங்கள் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டன. அவள் பதறிப்போய் நகத்தால் கீறினாள். கீறலும் மூடிக்கொண்டது.

டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ஸ்தோத்திரம்!" என்றான் மனதார. "இந்தத் தடவ நானே கொஞ்சம் பயந்துட்டேன் ஐயா. இனிமே பயமில்ல."