அளவான ஜக்கெற்

மயிலிட்டிக் கரையில் வள்ளம் ஆடிக்கொண்டு நிற்கிறது. மூன்று வயது மகளுக்குக் கரை மறையும் ஆழ்கடலில் டொல்பின் காட்டவென்று இலண்டனிலிருந்து வந்த கஜானன், முதல் ஆளாக ஏறியிருந்து கைபேசியை நீட்டிப் படம் பிடிக்கிறான். அவன் மனைவி தக்சாயினி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். "தங்கச்சி, பிள்ளையின்ரை சப்பாத்தைக் கழட்டுங்கோ. வள்ளத்திலை செருப்போடை ஏறுறேல்லை," என்கிறார் வள்ளக்காரர் செல்வநாயகம். வள்ளத்தின் முனையில் திருநீற்றுப் பூச்சும் ஒரு செவ்வரத்தம்பூவும் வெயிலில் காய்கின்றன. அவள் மறுபேச்சில்லாமல் கழற்றுகிறாள். அவர் பிள்ளைக்குச் செம்மஞ்சள் உயிர்காப்பு ஜக்கெற் ஒன்றை மாட்டுகிறார். பிள்ளை கையைத் தூக்கியதும் அது தலைக்கு மேலால் கழன்று வருகிறது. "இதைவிடச் சின்னது இல்லையோ அண்ணை?" என்று கேட்கிறாள் தக்சாயினி. "இல்லைத் தங்கச்சி. கயித்தாலை சுத்திக் கட்டிவிடுவம்." "ஒண்டும் நடக்காது, ஏறுமன்," என்கிறான் கஜானன், கைபேசியை இறக்காமலே. தக்சாயினி பிள்ளையிலிருந்து ஜக்கெற்றைக் கழற்றுகிறாள். "அண்ணை, நீங்கள் சப்பாத்துப் படக்கூடாதெண்டு வள்ளத்தைப் பாக்கிறியள். இவர் படத்தைப் பாக்கிறார். பிள்ளையை ஆர் பாக்கிறது?" அவள் ஜக்கெற்றைக் கணவனின் மடியில் எறிகிறாள். "உது உங்கடை அளவுதானே. மாட்டிக்கொண்டு நீங்கள் மட்டும் போயிட்டு வாங்கோ."