வளைந்து கொடுத்த சேசிஸ்

ஒரு பழைய காருக்கு அடியில் சேசிஸ் அக்கா இருந்தாள். மொத்தக் காரையும் முதுகில் தாங்குகிற இரும்புச் சட்டம் அவள்தான். ரொம்ப இளகின மனசு. பள்ளம் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வளைந்து கொடுத்துவிடுவாள்.

அவள் வளையும்போதெல்லாம் கதவு பட்டென்று திறந்துகொள்ளும்.

"அக்கா, இன்னொரு தடவை நான் திறந்தால் காரையே காயலான் கடையில் போடப்போறாங்களாம்," என்று அழுதது கதவு.

"நான் வளையாட்டி உங்களை எல்லாம் தூக்கிப் போடுமே கண்ணு," என்றாள் அக்கா.

சக்கரத்துக்கு மேலே சும்மா உட்கார்ந்திருந்த ஸ்பிரிங் சிரித்தது. "அப்ப என்னை எதுக்கு வச்சிருக்காங்க? அழகுக்கா?"

மறுநாள் பட்டறையில் அக்காவுக்குக் குறுக்கே ஒரு கெட்டியான இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்தார்கள். விறைப்பாக நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. திமிர் பிடித்தவள் என்று ரோடெல்லாம் பேசுமே.

முதல் பள்ளம் வந்தது. அவள் வளையவில்லை. ஸ்பிரிங் அமுங்கி எழும்பி, கும்மாளம் போட்டபடி ஆட்டத்தை முழுசாக வாங்கிக்கொண்டது. கதவு அசையவே இல்லை. பின் சீட்டில் குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

"என்னம்மா, இன்னைக்கு வளையலையா?" என்று குத்தலாகக் கேட்டது அடுத்த பள்ளம்.

"அதுக்கு எங்க வீட்டுல வேற ஆள் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள் அக்கா.