இரண்டு பேர்

மைதிலியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் சந்து திரும்புவதற்குள் ஆரோக்கியசாமி அவன் காலரை எட்டிப் பிடித்துவிட்டான். திருப்பி நிறுத்தி, வாயிலேயே ஒரு குத்து விட்டான். ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிக்கிற கை அது. தாடை பிசகிய சத்தம் அவனுக்கே கேட்டது.

அந்த மாதம் ஹைதராபாத் முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஒரே நிமிஷத்தில் தார்நாகாவின் அந்தச் சின்னச் சந்து நிரம்பிவிட்டது. செருப்பு, சைக்கிள் பம்பு, எவனோ பிடுங்கி வந்த வேலிக் கம்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு அடித்தார்கள்.

அடி எந்தப் பக்கம் விழுந்தாலும் அவன் முதுகைத்தான் கொடுத்தான், குழந்தையை விடவில்லை. உடைந்த வாயிலிருந்து ரத்தமும் உளறலும் வந்தனவே தவிர, ஒரு வார்த்தை உருப்படியாக வரவில்லை.

ஆரோக்கியசாமி அவன் விரல்களைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். ஒரு விரல் முறிந்த பிறகுதான் பிடி தளர்ந்தது. அதுவரை பயத்தில் உறைந்தவள்போல் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மைதிலி அப்போதுதான் வீறிட்டாள்.

"நான்னா! நான்னா!"

பக்கத்துப் போர்ஷனிலிருந்து தலைவிரிகோலமாக ஓடிவந்த கல்பகம் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையோ அவள் பிடியிலிருந்து துள்ளித் துள்ளி அதே வார்த்தையைச் சொல்லி அழுதது.

ஆரோக்கியசாமிக்கு அந்த வார்த்தை புதிதல்ல. தெலுங்கில் அப்பாவுக்கு நான்னா. நாலு மாதத்துக்கு முன் கல்பகமும் ஜகதீசனும் வரங்கலிலிருந்து மாற்றலாகி இங்கே குடிவந்தபோது மைதிலியின் வாயில் தெலுங்கைத் தவிர வேறொன்றுமில்லை. அங்கே ஆயா வளர்த்த குழந்தை, அதனால்தான் என்று கல்பகம் சொல்லியிருந்தாள். ஆனால் தமிழைக் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டுவிட்டது. இப்போது அதற்குத் தண்ணியும் ஒன்றுதான், நீள்ளும் ஒன்றுதான். பூனையும் பில்லியும் ஒன்றுதான்.

அதே வயசுள்ள அவன் பையனுக்குத் தமிழ் மட்டும்தான். பூனையைக் காட்டிப் பில்லி என்று சொன்னால், அவன் பூனையை விட்டுவிட்டு வேறு எதையோ தேடுவான். மைதிலிக்கு அந்தக் குழப்பமே கிடையாது, ஒரு பொருளுக்கு ரெண்டு பேர் இருக்கலாம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது என்று அவனும் அவன் மனைவி லூர்துமேரியும் எத்தனையோ தடவை பேசி வியந்திருக்கிறார்கள்.

பெற்ற அப்பனைத் தேடி அந்தப் பிஞ்சு கதறுகிறது என்று நினைத்தபோது அவனுக்குக் கண் இருண்டது. யார் கையிலிருந்தோ வேலிக் கம்பைப் பிடுங்கி, கீழே கிடந்தவனின் முழங்காலில் ஓங்கி இறக்கினான். அவன் துடித்தான்; ஆனாலும் குழந்தை இருந்த பக்கமே தவழ்ந்தான். கம்பு மறுபடியும் இறங்கியது.

மூலைக்கடை அப்துல் ரஹீம்தான் குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்தார். "நக்கோ பாய், வேணாம், செத்துருவான்."

கல்பகமும் கெஞ்சினாள். குழந்தை கிடைத்துவிட்டது, அது போதும், போலீசெல்லாம் வேண்டாம், அவனைப் போகவிடுங்கள் என்றாள். அவள் மனசு அப்படி, ஈரம் அதிகம் என்று ஆரோக்கியசாமி எண்ணிக்கொண்டான். போலீசுக்கு ஆள் அனுப்பியாயிற்று, குழந்தையின் அப்பாவை அழைத்துவரவும் ஒருவர் கிளம்பிவிட்டார் என்று மட்டும் சொன்னான்.

ஜகதீசன் வேலை செய்யும் ஆராய்ச்சிக் கூடம் கூப்பிடு தூரம்தான். ஸ்கூட்டரை அப்படியே சாய்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

ஆரோக்கியசாமி கம்பைப் போட்டுவிட்டுக் குழந்தையிடம் குனிந்தான். ரத்தக்கறை படிந்த விரலால் ஜகதீசனைக் காட்டினான்.

"அழாதம்மா. இதோ பாரு, ஒன் நான்னா வந்துட்டாரு."

மைதிலி அழுகையை நிறுத்திவிட்டு ஜகதீசனைப் பார்த்தாள். தினமும் சாயந்திரம் வாசலில் நின்று கூப்பிடுகிற அதே பழக்கத்தில், "அப்பா" என்றாள்.

பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கல்பகத்தின் தோளுக்கு மேல் எம்பி, மண்ணில் ரத்தச் சேறாகக் கிடந்தவனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான்னா."

கிடந்தவன் முறிந்த விரலோடு கையைத் தூக்கப் பார்த்தான். தூக்க முடியவில்லை. ஆரோக்கியசாமி நிமிர்ந்து ஜகதீசனைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கல்பகத்தைப் பார்த்தான்.

அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"வரங்கல்ல இருக்கறச்சே, காசிப்பேட்டை ஸ்டேஷன்ல தனியா நின்னு அழுதுண்டிருந்தா."