திரும்பி வந்த சீட்டு

"அக்கா, எனக்கு வேற சீட்டு குடுங்க. இது என்னோடது. எனக்கே திரும்பி வந்துடுச்சு."

டைப்பிஸ்ட் அக்கா மிஷினிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். தேவாலயத்தை ஒட்டிய சின்ன அறையின் வாசலில் கண்ணாடிக்காரரின் மனைவி நின்றிருந்தாள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிற அவர் ஏணியிலிருந்து விழுந்து அன்றோடு பத்தொன்பது நாள். இன்னும் நினைவு திரும்பவில்லை.

பத்தொன்பது நாளாக அவள் ஆஸ்பத்திரிக்கும் தான் வேலை பார்க்கும் தபால் ஆபீசுக்கும் நடக்கிறாள். நடப்பதாகவே தோன்றவில்லை. தண்ணீருக்கடியில் மிதந்து போவது போலிருந்தது. எதிரே வருகிறவர்களின் வாய் அசையும். சொல் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். மாதக் கடைசி ஞாயிறன்று ஆளுக்கொரு குறையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். டைப்பிஸ்ட் அக்கா பெயர், உறவு, தொழில் எல்லாவற்றையும் நீக்கி டைப் அடித்து, குலுக்கி, ஆளுக்கொன்றாகக் கொடுப்பாள். தனக்கு வந்த குறைக்காக அவரவர் மாதம் முழுக்க ஜெபிக்க வேண்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, ஜெபத்தோடு வம்பையும் சேர்த்து வளர்த்துவிடக் கூடாது என்றுதான் டைப்.

"உன்னோடதுன்னு எப்படிச் சொல்ற?"

"'ஒருவர் கண் விழிக்க வேண்டும்.' நம்ம சபையில வேற யாரு கண்ணை மூடிக் கிடக்கறாங்க?"

"பிரசங்கம் நடக்கும்போது திரும்பிப் பாரு. பாதிப் பேர்!"

சொல்லி முடிப்பதற்குள் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பி, ஜன்னலில் வழிந்த வெயிலைப் பார்த்தாள். அவர் பொருத்திய கண்ணாடி.

"பதினோரு வருஷமா கடிதம் பிரிக்கிறேன்க்கா. விலாசத்துல ஆள் இல்லேன்னா அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவோம். மேலேயும் ஆள் இல்லை போலிருக்கு."

"வாயை மூடு! என்ன பேச்சு இது?"

"ஆண்டவர் நேசிக்கிறார், நேசிக்கிறார்னு எல்லாரும் சொல்றீங்க. நான் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வேற ஒருத்தர் வாயாலயாவது இவர் விஷயம் அவர் காதுல விழட்டும்னு எழுதிப் போட்டேன். இந்த மாசம் இவருக்காக ஜெபிக்க ஒரு ஆள் கூட இல்லேன்னு ஆயிடுச்சு. இப்படியே விட்டீங்கன்னா, இனிமே நான் இந்தப் படி ஏற மாட்டேன்க்கா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தூக்கத்தில் பேசுகிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள். அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"மாத்திக் குடுக்க வழியில்லம்மா."

"ஏன் இல்லை? பேக்கரிக்காரரைக் கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பாட்டு வாத்தியாருக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். உங்க மகன் உங்ககிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு. அதுல ஏதாவது ஒண்ணைக் குடுங்க. முழங்கால் தேயத் தேய ஜெபிக்கிறேன். இதை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"அதெல்லாம் இல்லம்மா."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா இல்லைதான். ரகசியம். இதுக்கு மேல என் வாயைக் கிளறாதே."

மேஜை ஓரத்தில் பிஸ்கட் டப்பா இருந்தது. டைப் அடித்து முடித்த பிறகு கிழித்துப் போடுவதற்காக, கையால் எழுதிய சீட்டுகளை அக்கா அதில்தான் போட்டு வைப்பாள். அது இவளுக்கும் தெரியும். கையை நீட்டினாள்.

"ஐயோ, அதைத் தொடாதே!"

இழுத்த இழுப்பில் டப்பா கவிழ்ந்தது. சீட்டுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் மிதந்து, அவசரமே இல்லாமல் தரையில் வந்து படிந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். பார்சல் ரசீதுகளில் தினம் பார்க்கிற எழுத்து. பேக்கரிக்காரருடையது.

'கண்ணாடிக்காரர் கண்ணு முழிக்கணும்.'

அடுத்தது பாட்டு வாத்தியாரின் நடுங்கும் எழுத்து.

'நம் கண்ணாடிக்காரர் கண் விழிக்க வேண்டும், ஆண்டவரே.'

மூன்றாவது, கோணல் மாணலாக ஒரு குழந்தை எழுதியது. நான்காவது அக்காவின் கையெழுத்து. ஐந்தாவது, ஆறாவது... அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குத் தெரியாது," என்றாள் அக்கா, தானும் பக்கத்தில் உட்கார்ந்து. "நாற்பத்தாறு தடவை அதே வரியைத்தான் அடிச்சேன். உனக்கு எதைம்மா மாத்திக் குடுக்க?"

அந்த மாதம் அந்தச் சபையில் வேறு யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.