பச்சைத் தண்ணீர்க் குழாய்

இதை எனக்கு முதலில் சொன்னவர் குளியல்கூடத்து ஃபுமியே. போன வருஷம் முதல் பனி விழுந்த காலையில், தெருமுனை ஜிஸோ சாமிக்குப் பூ வைத்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வரும்போது சொன்னார்.

எங்கள் யானாக்காவில் இப்போது வீட்டுக்கு வீடு குளியலறை வந்துவிட்டது. ஃபுமியேவின் பொதுக் குளியல்கூடத்துக்கு மிச்சமிருப்பது பழைய ஆட்கள்தான். பெண்கள் பக்கம் கினுயோ அக்கா வைத்ததுதான் சட்டம். அவர் கோபித்துக்கொண்டு போனால் மற்றவர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்புறம் கூடத்தை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

எல்லோரும் சேர்ந்து இறங்குகிற பெரிய தொட்டியில் தண்ணீர் முட்டை அவிக்கிற சூட்டில் இருக்கும். கினுயோ அக்கா கழுத்துவரை முங்கிக் கண்ணை மூடிக்கொண்டு, "சொர்க்கம்" என்பார். செக்கச்செவேலென்று சிவந்துபோய் மற்றவர்களும், "சொர்க்கம்" என்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஊர் பார்க்க வந்த ஸ்பெயின்காரப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். இனெஸ் என்று பெயர். எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். செருப்பை வைக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். தொட்டியில் இறங்குமுன் முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். கூந்தலை உச்சியில் முடிந்துகொண்டாள். கல்லாவிலிருந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்த ஃபுமியேவுக்கு மனசு குளிர்ந்தது.

பிறகு இனெஸ் கால் கட்டைவிரலைத் தண்ணீரில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். நேரே தொட்டி ஓரத்துக்குப் போய், பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

யாரும் தொடாத குழாய் அது. தொட்டிக்குள் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

ஓடிப்போய் மூடினால் விருந்தாளியை அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும். விட்டாலோ கினுயோ அக்கா. ஃபுமியே ஜிஸோ சாமியை வேண்டிக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இனெஸ் மெல்ல இறங்கினாள். காதில் விழுந்த ஒரே வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். "சொர்க்கம்."

அவள் போன பிறகு கினுயோ அக்கா துண்டோடு கல்லாவுக்கு வந்தார். ஃபுமியே நெற்றி மேஜையில் இடிக்கக் குனிந்தார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. இனிமே அவளை உள்ளே விடமாட்டேன்."

"கெடுத்தியே" என்ற அக்கா குரலைத் தணித்தார். "அவ நாளைக்கும் வருவாளா?"

ஃபுமியேவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எத்தனை வருஷமா வெந்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா? தோஃபுக் கடை ஹாருயேவுக்கு இந்தச் சூடுதான் உசுரு. அவ சுகத்தை ஏன் கெடுக்கணும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொர்க்கம்கிறேன். அவகிட்ட உளறிடாதே."

அக்கா அந்தப் பக்கம் போனதும், ஹாருயே இந்தப் பக்கம் வந்தார். "அந்தப் பொண்ணு நாளைக்கும் வருமாடி? அக்காவுக்காகத்தான் நான் இத்தனை நாளா அவிஞ்சேன். அவங்க காதுக்குப் போச்சுன்னா வருத்தப்படுவாங்க."

மற்றவர்களும் ஒருவர் தலை மறைந்ததும் ஒருவராக வந்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்வி, அதே ரகசியம்.

ஃபுமியே பின்கட்டுக்குப் போய், அடுப்பைக் கொஞ்சம் தணிக்கலாமா என்று கணவரைக் கேட்டார். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தணிச்சா, யார் கேட்டாங்கன்னு ஆளாளுக்கு விசாரிப்பாங்க. நீ யாரைக் காட்டிக்கொடுப்பே?"

ஃபுமியேவால் யாரையும் காட்டிக்கொடுக்க முடியவில்லை. இனெஸும் மறுநாள் விடிந்ததும் ரயிலேறி ஊரைவிட்டுப் போய்விட்டாள். தண்ணீர் இன்றைக்கும் கொதிக்கிறது. எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் சொர்க்கத்தில் வெந்துகொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஊர் பார்க்க இந்தப் பக்கம் வந்தால், அந்தக் கூடத்தில் ஒரு முறை குளித்துவிட்டுப் போங்கள். ஓரத்துக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். எல்லோரும் முறைப்பார்கள். தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.