இடப்பக்கத் திருகு

"ஐயா ஊர்லருந்து வாறதுக்குள்ள முடிச்சிரணும் பாய். நமக்குள்ளயே இருக்கட்டும்."

சண்முகவள்ளி கார் கொட்டகையின் கதவை இழுத்துச் சாத்தினாள். ஜமால் முகமது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு தரையில் சாக்கை விரித்து, காருக்கு அடியில் தலையை நுழைத்தார்.

நாகல்நகரில் அந்தச் சிவப்புக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டே பேர் உட்காரலாம். கொடைக்கானல் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பந்தயக் கார். வள்ளியின் கணவர், புகையிலை வியாபாரி பெருமாள்சாமி, அதை வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனார். வண்டி குதித்த குதியில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்தவள் நாலைந்து நாள் எழுந்திருக்கவில்லை.

"ஷாக் அப்சார்பர் தேஞ்சு போச்சு வள்ளி. சீமையிலருந்து சாமான் வரணும். மாட்டுனதும் ஒன்னய ஊரெல்லாம் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

வருடங்கள்தான் போயின, சாமான் வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அவர் புகையிலை பார்க்க வத்தலக்குண்டுப் பக்கம் காரில் கிளம்புவார். இவள் கேட்டைத் திறந்துவிட்டு, சத்தம் ஓயும்வரை நின்று, பிள்ளையில்லாத வீட்டுக்குள் திரும்பி நடப்பாள்.

கடைசியில் பம்பாய்த் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தம்பியிடம் சொல்லி வைத்தாள். அவன் எங்கெங்கோ அலைந்து நான்கு ஷாக் அப்சார்பரையும் பிடித்து, மரப்பெட்டியில் அனுப்பிவிட்டான். பெருமாள்சாமி கோயம்புத்தூருக்கு ரயிலேறியதும் பஸ் கம்பெனி மெக்கானிக்கான ஜமாலுக்கு ஆள் அனுப்பினாள். கணவர் வந்து பார்த்ததும் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கழற்றிய பழையதை ஜமால் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நடுத்திருக இறுக்குனா வண்டி கெட்டியாப் போகும் தாயி. தளத்துனா மெத்த மாதிரி இருக்கும். ஐயா, தான் ஒக்கார்ற பக்கம் இறுக்கித்தான் வச்சிருக்காரு. இடப்பக்கம் மட்டும் நல்லாத் தளத்தி விட்டிருக்காரு. ஓடி ஓடித் தேஞ்சதும் அந்தப் பக்கந்தான்."

"அது எதுக்காம்?"

"பக்கத்துல ஒக்கார்றவுக அலுங்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செஞ்ச வேல இது."

வள்ளிக்குக் கன்னம் சூடேறியது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், தன் இடுப்பை நினைத்து இதையெல்லாம் செய்திருக்கிறார்!

"எனக்காகத்தான் பாய். அன்னைக்கு நான் பட்ட பாட்டப் பாத்து மனசு கேட்டிருக்காது."

"நீங்க கடைசியா எப்ப தாயி இதுல ஏறுனீக?"

"கல்யாணமான புதுசுல ஒருக்கா. அம்புட்டுத்தான்."

ஜமால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குனிந்து ஸ்பேனரைத் தேடினார்.

நான்கையும் மாட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "செத்த நேரம் ஓட்டிப் பாத்துத்தான் திருகுக்கு அளவு வைக்கணும். நீங்க பக்கத்துல இருந்து எங்க குலுக்குதுன்னு சொல்லுங்க."

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். ஊர் தாண்டி வத்தலக்குண்டு ரோட்டில் கார் வேகமெடுத்தது. பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒருமுறை அமுங்கி, அலுங்காமல் மேலேறியது. வரும் வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது கேட்டைத் திறக்கப் போவதில்லை, இந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டாள். இத்தனை வருடமும் இதற்குத்தானே காத்திருந்தாள்.

செம்பட்டி முக்கில் ஜமால் காரை ஓரங்கட்டினார். திருகைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்க ஸ்பேனரோடு இறங்கினார்.

கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த மாயம்மாள் காரைக் கண்டதும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மடியிலிருந்து இரண்டு பழங்களை எடுத்துத் துடைத்துக்கொண்டே வந்தவள், வள்ளியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயா வரலையா? பாப்பாவுக்குன்னு நல்லாக் கனிஞ்சதா எடுத்து வச்சிருந்தேனே."

"எந்தப் பாப்பா?" என்றாள் வள்ளி.

"இந்தக் காரு ஐயா மகதான். வெள்ளிக்கிழமையானா இதே சீட்டுல ஆத்தா மடியில ஒக்காந்து வருமே! மூக்கும் முழியும் அச்சு அசல் ஐயாவேதான்."

சக்கரத்தின் பக்கம் குனிந்திருந்த ஜமாலின் கை அசையாமல் நின்றது. அவர் நிமிரவும் இல்லை.

வள்ளி காரின் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான்... நாந்தான் அந்த ஐயா வீட்டம்மா."

மாயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கள்ளமில்லாமல் சிரித்தாள்.

"போங்கத்தா, ஐயா வீட்டம்மாவ எனக்குத் தெரியாதா?"